கித்தாரின் ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டி

தோட்டப்புறத்தில் பிறந்தவர்களில் கித்தா மரத்தைத் தெரியாதவர் இல்லை. கித்தாரைத் தெரியாதவர்களும் இன்று குறைவுதான். கல்யாண வீட்டிலோ பொங்கல் விழா மேடையிலோ கோயில் திருவிழாக் கலைநிகழ்ச்சியிலோ ஓர் இளைஞன் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆனால், அந்தக் கித்தாரின் உடலைச் சுற்றி ஓரத்திலே ஒரு மெல்லிய பட்டி ஓடுகிறதே, அதை எத்தனை பேர் உற்றுப் பார்த்திருப்போம்? நான் பார்த்ததில்லை. அதனால் ஒரு தவறும் செய்தேன். அந்தத் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்த ஒரு பையன், ஒரு நாள் மாலை, படுக்கை விரிப்பில் சுற்றிய கித்தார் ஒன்றை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். அது அவன் அண்ணனுடையது. அந்த அண்ணனும் ஒரு காலத்தில் என் மாணவன்தான். மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்து அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்றிலிருந்து கித்தார் அலமாரியின் மேலேயே கிடந்திருக்கிறது.

"சார், ஓரத்துல பட்டை மாதிரி ஒண்ணு பிரிஞ்சி தொங்குது. அம்மா உங்ககிட்ட காட்டச் சொன்னாங்க" என்றான்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் நானும் நாலு ஸ்வரம் வாசிக்கப் பழகியவன். அந்தத் தைரியத்தில் வாங்கிப் பார்த்தேன். வெள்ளை நிறப் பிளாஸ்டிக் பட்டி, இடுப்பு வளைவில் கழன்று வில்லின் நாண் போல நின்றது. 'அலங்காரத்துக்கு ஒட்டியதுதானே, இல்லாவிட்டால் என்ன?' என்று எண்ணி, மிச்சத்தையும் சுற்றிலும் இழுத்து உரித்துப் போட்டேன். ஈரத்துணியால் துடைத்து, புதுத் தந்தி மாட்டிக் கொடுத்தனுப்பினேன். பையனும் மகிழ்ச்சியாகப் போனான்.

நவம்பர், டிசம்பர் மழை வந்து போயிற்று. ஜனவரியில் கித்தார் மறுபடியும் வந்தது. மேல்பலகையின் ஓரம் பூத்துப் போய், ஒட்டுப்பலகையின் அடுக்குகள் பழைய புத்தகத்தின் ஏடுகள் போல விரிந்திருந்தன. ஓரிடத்தில் விரல் நீளத்துக்குச் சிம்பு பெயர்ந்திருந்தது. தந்தியைத் தட்டினால் இரைச்சல். இம்முறை அந்தத் தாயும் உடன் வந்திருந்தார். "பரவால்லங்க வாத்தியாரே, பழசுதானே" என்றார். அவர் நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு மனம் இத்தனை கனத்திருக்காது.

பட்டணத்தில் கித்தார் பழுதுபார்க்கும் சீனப் பெரியவர் ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, பட்டியை யார் உரித்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். "இனி புக்கான் ஹியாசான், சிக்கு" என்றார். இது அலங்காரம் அல்ல, வாத்தியாரே!

பிறகு மலாயில் பொறுமையாக விளக்கினார். கித்தார் என்பது ஒரு பெட்டி. மேல்பலகையும் பக்கப்பலகையும் ஒன்றையொன்று தொடும் விளிம்புதான் அந்தப் பெட்டியின் பலவீனமான இடம். மேசையில் இடிபடுவதும் அங்கேதான், ஈரம் புகுவதும் அங்கேதான். மரத்தை நீளவாக்கில் பார்த்தால் அது மூடிய கதவு. குறுக்கே வெட்டிய முனையில் பார்த்தாலோ எண்ணற்ற நுண்குழாய்களின் திறந்த வாய். கித்தாரின் தலைப்பக்கத்திலும் அடிப்பக்கத்திலும் மேல்பலகையின் அந்த வாய்கள் வெளியே தெரிகின்றன. அவை குடிக்கும் ஈரம் உள்ளே போய்ப் பலகையை உப்ப வைக்கும். விளிம்பைச் சிறு படி போலச் செதுக்கி, அந்தப் படியில் கெட்டியான ஒரு மரப்பட்டியைப் பதித்துவிட்டால் வாய்கள் அடைபடும், இடியையும் பட்டி வாங்கிக்கொள்ளும். நல்ல வயலினில் ஓரத்தை ஒட்டி ஓடும் கறுப்பு வெள்ளைக் கோடும் அப்படிப்பட்டதே. விளிம்பில் விழும் விரிசல் உள்ளே ஓடாதபடி அது தடுக்கிறது. மலிவான வயலினில் அந்தக் கோட்டை மையால் வரைந்து விட்டுவிடுகிறார்கள்.

பிளாஸ்டிக் பட்டி ஏன் கழன்றது என்பதற்கும் அவரிடம் காரணம் இருந்தது. பிளாஸ்டிக் வயதாக வயதாகச் சுருங்கும். சுருங்கும் பட்டி குறுக்கு வழி தேடும். உள்ளே குழிந்திருக்கும் இடுப்பு வளைவை விட்டு விலகினால்தான் அதற்கு வழி கிடைக்கும். அதனால்தான் பழைய கித்தார்களில் முதலில் இடுப்பிலேயே கழல்கிறது. எல்லாம் சொல்லிவிட்டு, கித்தாரின் விலையைவிடப் பட்டி போடும் கூலி அதிகமாகும் என்று உண்மையையும் சொல்லிவிட்டார். கையில் ஒரு துண்டு மரப்பட்டியை மாதிரிக்கு வைத்து அனுப்பினார். 2 மில்லிமீட்டர் தடிப்பு, 6 மில்லிமீட்டர் உயரம். ஐஸ்கிரீம் குச்சியைவிட ஒடுங்கலானது.

அந்தத் துண்டுதான் என்னைத் தேட வைத்தது. பட்டணத்து நூலகத்திலும் கைப்பேசியில் காணும் படங்களிலுமாகச் சில மாதங்கள் அதன் பின்னாலேயே அலைந்தேன். கிடைத்தவற்றில் சிலவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஸ்பெயின் நாட்டுத் தச்சர்

இன்று நாம் காணும் கித்தாரின் உருவத்தை வகுத்தவர் என்று போற்றப்படுபவர் அந்தோனியோ டி டோரஸ். ஸ்பெயின் நாட்டின் தென்கோடியில், அல்மேரியா நகரை அடுத்த சிற்றூரில் 1817-இல் பிறந்தார். அடிப்படையில் அவர் ஒரு தச்சர். கித்தாரின் உடலைப் பெரிதாக்கியவர், மேல்பலகையின் உட்புறத்தில் விசிறி போல மெல்லிய சட்டங்களை அமைக்கும் முறையைச் செம்மைப்படுத்தியவர். ஒலிக்கு உயிர் மேல்பலகைதான் என்று காட்டுவதற்காக, 1862-இல் பக்கங்களையும் முதுகையும் வெறும் காகித அட்டையால் செய்து ஒரு கித்தார் கட்டினார். அது பார்சிலோனா நகரத்து இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்பேர்ப்பட்டவருக்கும் கித்தார் செய்து வயிறு கழுவ முடியவில்லை. இடையில் சில ஆண்டுகள் சொந்த ஊரில் பீங்கான் பாத்திரக்கடை வைத்துப் பிழைத்தார். பிறகு மீண்டும் உளியைக் கையில் எடுத்து, 1892-இல் இறக்கும்வரை கித்தார் செய்தார்.

அவரோடு பழகிய பாதிரியார் ஒருவர் பிற்காலத்தில் எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி உண்டு. உங்கள் தொழில் இரகசியத்தை யாருக்காவது சொல்லிவிட்டுப் போகக்கூடாதா என்று கேட்டதற்கு, அது தம் கட்டைவிரல் நுனியிலும் ஆள்காட்டி விரல் நுனியிலும் இருக்கிறது, அதை எப்படிச் சொல்லிவிட்டுப் போவது என்ற பொருளில் டோரஸ் பதில் சொன்னாராம். பலகையின் தடிப்பை இரு விரலுக்கிடையில் வைத்தே அவர் அறிந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நம் தோட்டத்து மனிதர் ஒருவரின் விரல்களைப் பற்றியும் சொல்லப் போகிறேன்.

பட்டி அறுக்கும் வேலைக்கு வருவோம். ஸ்பெயினில் கித்தார் தச்சர்களுக்குப் பேர்போன ஊர் கிரனாடா. அல்ஹம்ப்ரா கோட்டைக்கு ஏறிச்செல்லும் குறுகிய மேட்டுத் தெருவிலேயே கித்தார் பட்டறைகள் இருக்கின்றன. ஓரப்பட்டிக்குத் தனியாக மரம் வாங்க வேண்டும் என்பதில்லை. பக்கப்பலகை அறுத்த மிச்சத்திலும் எடுப்பார்கள். ஆனால், மிச்சம் என்று எண்ணிக் கண்ட துண்டையும் எடுத்துவிட முடியாது. மரத்தின் நார் பட்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நேராக ஓட வேண்டும். ஒரு பட்டி ஏறக்குறைய 80 செண்டிமீட்டர் நீளம். நடுவில் நார் சாய்ந்து பட்டியின் பக்கவாட்டில் வெளியேறினால், வளைக்கும்போது சரியாக அந்த இடத்தில் முறியும்.

அடுத்த சங்கடம் வாளின் பல். 2 மில்லிமீட்டர் பட்டி எடுக்கும்போது வாள் இன்னொரு 2 மில்லிமீட்டரைத் தூளாக்கினால் பாதி மரம் தரையில் கிடக்கும். ஆகவே மெல்லிய வாள் வேண்டும். எத்தனை மெல்லிய வாளானாலும் அறுத்த பட்டி ஒரே சீராக இராது. ஓரிடம் தடித்து, ஓரிடம் இளைத்து, மேலெல்லாம் வாள் கீறிய தடமாக இருக்கும். அதைச் சீராக்கும் முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. நகை செய்யும் தட்டார் தங்கக் கம்பியை அச்சின் துளையில் நுழைத்து இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அதுதான். ஒரு கட்டையின் மேல் கூரான இரும்புத் தகட்டை நிமிர்த்திப் பொருத்தி, கீழே சிறு சந்து விடுகிறார்கள். அந்தச் சந்தில் பட்டியை நுழைத்து இழுத்தால் தடித்த இடத்தில் மட்டும் வெங்காயத் தோல் போலச் சுருள் வரும். சந்தைச் சற்றுக் குறுக்கி மறுபடியும் இழுப்பார்கள். எங்கே இழுத்தாலும் கை ஒரே சீராகப் போகும்வரை இழுக்க வேண்டும்.

ஓரப்பட்டிக்கு உட்புறமாக ஓடும் கறுப்பு வெள்ளைக் கோடுகள் இதைவிட நுட்பமானவை. அரை மில்லிமீட்டர் தடிப்பில் சீவிய மர ஏடுகளை எடுத்துக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகத்தின் தாள் ஐந்தை அடுக்கினால் வரும் தடிப்பு அது. சாயம் ஏற்றிய கறுப்பு ஏடு ஒன்று, மேப்பிள் போன்ற வெள்ளை மரத்து ஏடு ஒன்று, மீண்டும் கறுப்பு ஒன்று என்று வச்சிரம் தடவி அழுத்தி ஒட்டி, காய்ந்த பிறகு மெல்லிய கீற்றுகளாக அரிந்தால், ஒவ்வொரு கீற்றின் விளிம்பிலும் மூன்று கோடுகள் தெரியும். நூல் பிடித்து வரைந்தாலும் அத்தனை நேராக வராது!

ஒலித்துளையைச் சுற்றிப் பூவேலை இருக்கிறதே, அது பெரும்பாலோர் நினைப்பதுபோல ஓவியம் அல்ல. அதுவும் இந்தக் கீற்றுகளின் பிள்ளைதான். பல நிறக் குச்சிகளைப் புள்ளிக்கோலம் போலக் கணக்குப் பார்த்து அடுக்கி, ஒரே கட்டாக ஒட்டி, குறுக்கே வில்லை வில்லையாக அறுக்கிறார்கள். ஒவ்வொரு வில்லையிலும் அதே கோலம். வரிசைக்கு 15 வீதம் 15 வரிசை என்றால் ஒரு நகக்கண் அளவு சதுரத்துக்குள் 225 குச்சி முனைகள். கிரனாடா நகரில் முஸ்லிம் மன்னர்கள் 1492 வரை ஆண்டார்கள். அவர்கள் காலத்திலிருந்து பெட்டிகளிலும் மேசைகளிலும் இதே போன்ற மரப் பதிப்பு வேலை அங்கே நடந்து வருகிறது.

பட்டி தயாரானதும் உள்ளே தணல் அல்லது சுவாலை வைத்துச் சுடாக்கிய இரும்புக் குழாயின்மேல், தண்ணீர் தொட்டுத் தொட்டு, வளைப்பார்கள். சூட்டில் மரம் இளகிக் கொடுக்கும் அந்த நொடியைக் கை உணர வேண்டும். அவசரப்பட்டால் முறியும், தாமதித்தால் கருகும். பிறகு படியில் பசை தடவிப் பதித்து, கித்தார் முழுவதையும் கயிற்றால் சுற்றிச் சுற்றிக் கட்டிவைப்பார்கள். அந்தக் கோலத்தில் பார்த்தால் அடிபட்டுக் கட்டுப்போட்ட மனிதனைப் போல இருக்கும்.

மீன்முள் வரி

ஜெர்மனியில் மார்க்நொய்கிர்சென் என்ற ஊரில் ஒரு வழக்கு நடந்தது. கித்தார் செய்யும் உரிமை தங்களுக்கே உண்டு என்றது வயலின் செய்வோர் சங்கம். மேசை நாற்காலி செய்யும் தச்சர்கள் எல்லாம் கித்தாரைத் தொடலாமா என்பது அவர்கள் வாதம். அந்தத் தச்சர் கூட்டத்தைச் சேர்ந்தவர் கிறிஸ்தியன் பிரெடரிக் மார்ட்டின். அவர் 1833-இல் ஊரைவிட்டே கிளம்பி அமெரிக்கா சென்றார். பின்னர் பென்சில்வேனியா மாநிலத்து நாசரேத் என்ற ஊரில் அவர் நிலைநிறுத்திய மார்ட்டின் நிறுவனம் இன்றும் கித்தார் செய்கிறது. தொழிலுக்குள்ளே உயர்வு தாழ்வு பார்க்கும் நோய் நம்மிடம் மட்டும் இல்லை போலும்.

அந்த நிறுவனத்தின் ஒருவகைக் கித்தார்களில் ஓரத்தை ஒட்டி மீன்முள் போலச் சாய்ந்த கறுப்பு வெள்ளைக் கீற்றுகள் ஓடும். அந்த வரி ஜெர்மனியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப்போரில் அந்த வழி அடைபட்டது. இருந்த கையிருப்பு தீர்ந்ததும், 1947-இல், சாதாரணக் கறுப்பு வெள்ளைக் கோட்டுக்கு மாறிவிட்டார்கள். 1976-இல்தான் மீன்முள் வரியோடு அந்த வகை மறுபடியும் வந்தது. விரல் அகலம்கூட இல்லாத அந்த வரியைப் பார்த்தே பழைய கித்தார் வாங்குகிறவர்கள் இது போருக்கு முந்தியதா பிந்தியதா என்று கணிக்கிறார்கள்.

அதே நிறுவனம் 1969-இல் பிரேசில் நாட்டு ஈட்டி மரத்தை விட்டு, இந்திய ஈட்டி மரத்துக்கு மாறியது. நீலகிரி, வயநாடு, குடகு மலைகளில் வளரும் அதே ஈட்டிதான். நம் பாட்டன்மார் சிலர் கப்பல் ஏறுமுன் பார்த்த காட்டு மரம், பலகையாகவும் ஓரப்பட்டியாகவும் உலகம் சுற்றுகிறது. 2017-இல் இவ்வகை மரங்களின் ஏற்றுமதிக்கு உலக அளவில் கட்டுப்பாடு வந்து, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019-இல் விலக்குக் கிடைத்தது.

எங்கள் பட்டறை

படித்தது போதும், உரித்ததை ஒட்டியாக வேண்டும் அல்லவா? எங்கள் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரம் வெட்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். கித்தாவை அழித்துச் செம்பனை நட்ட பிறகு தச்சு வேலையில் இறங்கினார். அவரிடம் மாதிரித் துண்டைக் காட்டினேன். இரு விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்தார்.

"நாம ஒரு நாளைக்கு மரத்துல எடுக்கிற பட்டையைவிட இது கொஞ்சம் தடிப்பு, வாத்தியாரே" என்றார்.

உண்மைதான். ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை என்பது கணக்கு. அதற்கு மேல் போனால் பட்டை வீண். ஆழம் போனால் மரத்தில் காயம், தண்டலிடம் ஏச்சு. இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த அளவைக் காத்த கை அது.

மரத்துக்கு எங்கே போவது? பள்ளியில் உடைந்துபோன நீள மேசை ஒன்று கிடந்தது. தலைமையாசிரியரிடம் கேட்டு அதன் சட்டத்தை வாங்கினோம். கித்தா மரம்! ஒரு காலத்தில் பால் வற்றிய மரங்களை அடுப்புக்கும் புகைக்கூடத்துக்கும் விறகாகப் போட்டோம். இன்று அது ஏற்றுமதியாகும் தளவாடமாகிவிட்டது. முதல் சட்டத்தில் அறுத்த பட்டி கையில் எடுத்ததுமே மூன்றாக விழுந்தது. சிறு துண்டுகளைச் சீப்பின் பற்கள் போலக் கோத்து ஒட்டிய பலகை அது. வண்ணப்பூச்சுக்கு அடியில் எங்களுக்குத் தெரியவில்லை. மறுபக்கச் சட்டம் நல்லவேளையாக ஒரே மரமாக இருந்தது.

பெரியவர் இழைப்புளியின் பழைய இரும்பைத் தீட்டி, ஒரு கட்டையில் பொருத்தி, சந்து விட்டார். பையன் ஒரு முனையைப் பிடிக்க, அவர் இழுத்தார். வேலை செய்யும் இடம் முழுவதும் பூஞ்சுருள். நான் நண்பர் ஒருவரின் பட்டறையிலிருந்து அளவுமானி இரவல் வாங்கி வந்திருந்தேன். "இந்த எடம் இன்னும் கொஞ்சம் தடிப்பு" என்று அவர் தொட்டுக் காட்டிய இடத்தை அளந்தேன். 2.2 இருந்தது. மற்ற இடமெல்லாம் 2.0, 2.1. அதற்குப் பிறகு அளவுமானியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மொத்தம் 11 பட்டி அறுத்தோம். வாள் விலகியதில் 3 போயிற்று. வளைக்கும்போது 4 முறிந்தன, எல்லாம் இடுப்பு வளைவில்தான். நார் சாய்ந்த இடத்தை முன்பே பார்க்கத் தெரியாதது என் குறை. பெரியவர் பிறகு ஒவ்வொரு பட்டியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே குழாயில் வைத்தார். மிஞ்சிய நான்கில் இரண்டு கித்தாருக்கு.

விரிந்த அடுக்குகளுக்குள் நீர்த்த பசையைத் தூரிகையால் விட்டு அழுத்தி, படியைச் சுத்தம் செய்து, பட்டிகளைப் பதித்தோம். கட்டுவதற்குக் கயிறு சரிப்படவில்லை, வழுக்கியது. பையன் ஓடிப்போய்ச் சைக்கிள் டியூப் ஒன்றைக் கொண்டுவந்தான். அதை நாடா நாடாக வெட்டி இழுத்துச் சுற்றினோம். கித்தா மரப் பட்டி, கித்தா ரப்பர்க் கட்டு, உள்ளே கித்தார். பெரியவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கட்டை அவிழ்த்து, சீவி, மெருகு பூசினோம். வெளிர் மஞ்சளாக ஓரம் முழுவதும் ஓடியது. இரைச்சல் இல்லை. அந்தத் தாய் வந்து கித்தாரை மடியில் கிடத்தி, விரலால் ஓரத்தைச் சுற்றி வந்தார்.

"எங்க ஒட்டுன்னு தெரியலையே" என்றார்.

"இங்க, அடியில. ரெண்டு பட்டியும் சேர்ற எடம்" என்று பெரியவர் தொட்டுக் காட்டினார். இடுப்பில் இடப்பக்கம் ஒரு நகக்கண் அளவு இடைவெளி விழுந்து, அதை மெழுகும் மரத்தூளும் வைத்து அடைத்திருப்பதை நான்தான் சொன்னேன். அவர் அந்த இடத்தையும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

மிச்சமுள்ள இரண்டு பட்டிகளும் பெரியவர் வீட்டுக் கூரைச் சட்டத்தில் செருகிக் கிடக்கின்றன. கித்தாரின் முதுகுப்பக்கத்தில் இன்னும் பழைய பிளாஸ்டிக்தான் இருக்கிறது. இடுப்பருகே அது லேசாகத் தூக்க ஆரம்பித்திருப்பதைப் போன வாரம் பையன் வந்து சொன்னான். இம்முறை உரிக்காமல் வந்து சொன்னான்.